உங்கள் மகளின் பெயர் யாரைப் பற்றிப் பேசுகிறது?

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணின் பெயர் மெலாத்தி. நம் வீட்டு அத்தையின் பெயர் மாலதி. இருவரும் வேலி ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தால், ஒரே பெயர் இரண்டு உடையில் நிற்கிறது என்று சொல்லலாம். வடமொழியில் மாலதி என்பது மல்லிகை இனத்துப் பூ ஒன்றின் பெயர். அது கடல் கடந்து மலாய், இந்தோனேசிய மொழிகளுக்கு வந்து மெலாத்தி ஆனது. இந்தோனேசியாவில் இன்று மெலாத்தி என்றால் மல்லிகைதான்.

சீனர்களும் இந்த உறவுக்கு வெளியே இல்லை. மல்லிகைப் பூவுக்குச் சீன மொழியில் 'மோலி' என்று பெயர். நம் மல்லிகாவுக்கு மூலமான அதே 'மல்லிகா' என்ற வடசொல்தான் சீனத்தில் மோலி ஆனது. மேற்கே போனால் பாரசீகத்தின் 'யாசமின்' இருக்கிறது. அரபு வழியாக வந்த யாஸ்மினுக்கும் ஆங்கிலத்து ஜாஸ்மினுக்கும் அதுதான் தாய். ஆக, ஒரு வகுப்பறையில் மாலதி, மெலாத்தி, மோலி, யாஸ்மின் என்று நான்கு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், அங்கே நான்கு இனம் இருக்கலாம். பூ ஒன்றுதான்.

வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பது என் வேலையில் ஒரு பகுதி. வாரத்துக்கு எத்தனையோ பெண் பிள்ளைகளின் பெயர்கள் என் நாக்கில் ஏறி இறங்குகின்றன. அதனால் வந்த ஆர்வம்தான் இந்தத் தேடல். தேடத் தேட, ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் பட்டது. அதைச் சொல்வதற்கு முன் இன்னும் சில பெயர்களைப் பார்த்துவிடுவோம்.

கடல் கடந்த பெயர்கள்

செண்பகம் என்ற பெயரை இப்போது யாரும் வைப்பதில்லை. பழைய பெயர் என்று ஒதுக்கிவிட்டோம். மலாய்க்காரர்கள் அதே பூவை 'செம்பாக்கா' என்று இன்றும் பெண் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். சீனத்து வீரப்பெண் மூலானின் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? மேக்னோலியா பூ. செண்பகமும் தாவர இயலில் மேக்னோலியா குடும்பம்தான். போர்க்களம் போன மூலானும் நம் செண்பகம் பாட்டியும் ஒரு வகையில் சொந்தக்காரர்கள்.

சில சொற்கள் பயணத்தில் பொருளை மாற்றிக்கொண்டன. 'புத்திரி' என்றால் நமக்கு மகள். மலாயில் அது 'புத்ரி' ஆகி இளவரசி ஆகிவிட்டது. மகளை இளவரசியாகப் பார்ப்பது எந்த அப்பாவுக்கும் புதிதல்லவே. பொன்னைக் குறிக்கும் காஞ்சனா, இங்கே 'கென்சானா'. நீலக்கல், இங்கே 'நீலாம்'. சீதை, இந்தோனேசியாவில் 'சிந்தா'. சீதை என்ற சொல்லுக்கு உழுத படைச்சால் என்பது பொருள். மண்ணில் ஏர் கீறிய கோட்டில் கிடைத்த குழந்தைக்கு அந்தக் கோட்டின் பெயரையே வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் மணிமேகலையுடையது. மாதவிக்குப் பிறந்த மகளுக்குப் பெயர் சூட்டும் நாளில் கோவலன் தன் குலதெய்வத்தின் பெயரை வைத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடலில் கப்பல் உடைந்து தத்தளித்த அவனுடைய முன்னோர் ஒருவரைக் கரை சேர்த்த தெய்வம் மணிமேகலை. அந்தக் கடல் தெய்வம் காவிரிப்பூம்பட்டினத்தோடு நின்றுவிடவில்லை. தாய்லாந்தில் அவள் 'மேக்கலா', கம்போடியாவில் 'மோனி மேக்கலா'. மின்னலைக் கையில் ஏந்தி மேகத்தில் விளையாடும் பெண் தெய்வமாக அங்கே ஆடல்களில் வருகிறாள். பசிபிக் புயல்களுக்கு வைக்கும் பெயர்களில் 'மேக்கலா' தாய்லாந்து கொடுத்தது. நம் காப்பியத் தலைவியின் பெயரை வானிலை அறிக்கையில் கேட்டும் நாம் அடையாளம் காணாமல் போகிறோம்.

பூவுக்கு அடுத்தபடி பெண்களுக்கு உலகம் வாரி வழங்கிய பெயர் முத்து. நமக்கு முத்தம்மாள், முத்துலெட்சுமி. அரபு மொழியில் லூலூ. மலாயில் முத்தியாரா. கிரேக்கத்தில் முத்துக்கு 'மார்கரிட்டேஸ்'. அதிலிருந்து மார்கரெட் வந்தது. மார்கரெட்டைச் சுருக்கிக் கொஞ்சியதில் கிரேட்டா, ரீட்டா, மேகன், பெக்கி எல்லாம் வந்தன. தோட்டத்து முத்தம்மாவும் லண்டன் ரீட்டாவும் பெயரால் ஒரே சிப்பிக்குள் பிறந்தவர்கள்.

இன்னாருடைய மகள்

இதுவரை சொன்ன பெயர்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. அவை அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகின்றன. நீ பூ, நீ முத்து, நீ பொன் என்று அவளிடமே சொல்கின்றன. எல்லாப் பெயரும் அப்படி இல்லை.

பழைய ரோமாபுரியில் பெண்களுக்குத் தனிப்பெயர் என்று பெரும்பாலும் கிடையாது. தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக மாற்றி வைத்துவிடுவார்கள். ஜூலியஸ் குலத்தில் பிறந்தால் ஜூலியா. கொர்னேலியஸ் குலத்தில் பிறந்தால் கொர்னேலியா. ஜூலியஸ் சீசரின் அத்தை ஜூலியா, அக்கா தங்கை இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா. வீட்டுக்குள் எப்படிப் பிரித்துக் கூப்பிடுவது? பெரியவள், சின்னவள் என்று சேர்த்துக்கொள்வார்கள். இன்னும் பிறந்தால் 'மூன்றாமவள்' என்று பொருள்படும் தெர்த்தியா. இன்று அழகான பெயர் என்று நாம் நினைக்கும் ஜூலியா, அன்றைக்கு 'இந்தக் குடும்பத்துப் பெண்' என்ற முத்திரைதான்.

நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/பி' என்று இரண்டெழுத்து இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான். 'அனாக் பெரெம்புவான்', அதாவது இன்னாருடைய மகள். இது நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு 'மகள்' என்ற பொருளில் 'டோட்டிர்' சேர்ப்பார்கள். சில வேளை தாயின் பெயரோடும் சேர்ப்பதுண்டு. உலகிலேயே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர், 1980-இல் வென்ற விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர். ஃபின்போகியின் மகள் விக்டிஸ் என்று பொருள். இந்தோனேசியாவின் ஐந்தாவது அதிபர் மேகாவதி சுகர்னோபுத்ரியின் பெயரைப் பிரித்தால் சுகர்னோவின் புத்திரி. இன்னாருடைய மகள் என்று அட்டையில் இருப்பது யாரையும் சிறுமைப்படுத்தாது. ஆனால் அதற்கு முன்னால் விக்டிஸ் என்றும் மேகாவதி என்றும் அவளுக்கே உரிய ஒரு சொல் இருக்கிறது. ரோமாபுரியின் ஜூலியாக்களுக்கு அது கிடைக்கவில்லை.

வேண்டாம் என்று ஒரு பெயர்

ரோமாபுரிப் பெண்களுக்காவது குலப்பெயர் கிடைத்தது. அதைவிடக் கசப்பான பெயர்கள் உண்டு.

சீனர்களிடையே 'சாவ்டி', 'லாய்டி' என்று பெண்களுக்குப் பெயர் உண்டு. தம்பியை அழைத்து வா, தம்பி வரட்டும் என்று பொருள். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், இன்னும் பிறக்காத தம்பிக்காக ஆயுள் முழுவதும் ஒரு பெயரைச் சுமப்பது. மராட்டியத்தில் 'நகுஷா' என்றால் வேண்டாதவள். மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் ஒரு பெயர்சூட்டு விழா நடந்தது. அந்தப் பெயரைச் சுமந்த 285 பெண் பிள்ளைகள் புதுப்பெயர் எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கமே முன்னின்று சான்றிதழ் கொடுத்தது. தமிழும் இதில் சுத்தமில்லை. நம்மிடம் 'வேண்டாம்' இருக்கிறது. 'போதும்பொண்ணு' இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நேயர் அழைத்தார். அறுபது வயதைத் தாண்டியவர். பேத்திக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். வாழ்த்துவோர் பட்டியலில் 'பாட்டி' என்று மட்டும் போடச் சொன்னார். "பேரையும் சொல்லுங்களேன்மா, பேத்தி கேட்டா சந்தோஷப்படுவாங்க" என்றேன்.

"போதும்பொண்ணும்மா என் பேரு. வீட்ல அஞ்சாவது பொண்ணு நான். ஐசியிலயும் அதேதான். பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேர் கூப்பிட்டா பிள்ளைங்க சிரிக்கும். எனக்கு அப்புறம் தம்பி பொறந்தான். அதனால உன் பேரு ராசியான பேருன்னு எங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

பேத்தியின் பெயரைக் கேட்டேன். "யாழினி. நான்தான் வெச்சேன். அர்த்தம் கேட்டுத்தான் வெச்சேன்" என்றார்.

அவர் விரும்பியபடி 'பாட்டி' என்றே வாசித்தேன். அந்தத் தந்தை கொடுமைக்காரராக இருந்திருக்க மாட்டார். தோட்டத்துச் சம்பளத்தில் ஐந்து பெண் பிள்ளைகளைக் கரை சேர்க்க வேண்டும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். பயம் தந்தையுடையது. அதைப் பெயராகச் சுமந்து பள்ளிக்கூடம் போனது மகள். ராசி என்று அவர் சொன்னதும் மகனுக்கான ராசிதான்.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. இந்தப் பெயர் யாரைப் பற்றிப் பேசுகிறது? அவளைப் பற்றியா, அவளைச் சுற்றியுள்ள மற்றவர்களைப் பற்றியா?

சுமந்தவர்கள் மாற்றிய பொருள்

அகராதிப் பொருள்தான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. கதீஜா என்ற அரபுப் பெயர் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் குறிக்கும் சொல். நபிகள் நாயகத்தின் முதல் துணைவியார் சுமந்ததால், இன்று உலகெங்கும் தாய்மார்கள் பெருமையோடு அந்தப் பெயரை வைக்கிறார்கள். லத்தீன் மொழியில் செசிலியா 'பார்வையற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. புனித செசிலியாவோ இசைக்கலைஞர்களின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். கிளாடியா 'கால் ஊனமுற்ற' என்ற சொல்லின் வழி வந்த குலப்பெயர். இன்று யாருக்கும் அது நினைவில் இல்லை. சுமந்த பெண்கள் அந்தச் சொற்களைத் தங்களுடையதாக ஆக்கிவிட்டார்கள். நம் நேயரும் 'போதும்' என்ற சொல்லைத் தன் பேத்தி வரைக்கும் வர விடாமல் நிறுத்திவிட்டார்.

அதற்காக, அவள் பார்த்துக்கொள்வாள் என்று நாம் கை கழுவிவிட முடியுமா? இப்போது யாரும் பிள்ளைக்குப் போதும்பொண்ணு என்று வைப்பதில்லை. நம் காலத்துச் சிக்கல் வேறு. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்து, எண் கணிதத்துக்குக் கூட்டுத்தொகை, கூடுதலாக ஒரு 'எச்', இரண்டு 'ஏ' என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். அந்தப் பிள்ளை ஏழு வயதில் வந்து "ஏம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. "நம்பர் நல்லா வந்துச்சு கண்ணு" என்பதைப் பதிலாக எந்தப் பிள்ளை ஏற்கும்?

நட்சத்திரமும் எண்ணும் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. புதிதாகப் புனைந்த பெயரிலும் குற்றம் இல்லை. வனெஸ்ஸா என்ற பெயர் ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் புனைந்தது. எஸ்தர் வன்ஹோம்ரி என்ற தோழியின் பெயரிலிருந்து 'வன்' எடுத்தார். எஸ்தரின் செல்லப் பெயரைப் பின்னால் ஒட்டினார். அகராதியில் அதற்குப் பொருள் இல்லாவிட்டாலும் ஒரு மனிதர் இன்னொருவர் மீது வைத்த பிரியம் இருந்தது. பிறகு 1807-இல் வண்ணத்துப்பூச்சி இனம் ஒன்றுக்கே வனெஸ்ஸா என்று பெயர் வைத்தார்கள். பொருள் இல்லாத பெயரையும் வைக்கலாம். ஏன் வைத்தோம் என்று மகளிடம் சொல்ல ஒரு கதையாவது இருக்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். மகளிடம் அவள் பெயரின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு அம்மாவையும் பாட்டியையும் கேளுங்கள்: உங்களுக்கு இந்தப் பெயரை யார் வைத்தது, எதற்காக வைத்தார்கள்? இத்தனை வருடத்தில் அவர்களிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.