சென்னையில கண்டுபிடிச்ச மருந்து

காய்ச்சல்னா மெடிக்கல்ல நாமளே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிடுறோம். இப்படியே போட்டுப் போட்டு கிருமிகளுக்கு மருந்து பழகிடுச்சு.

புதுசு கண்டுபிடிக்க நம்மாளுங்களுக்குத் தெரியும். சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடிச்ச எனமெட்டசோபாக்டம் சேர்ந்த மருந்துக்கு 2024-ல் அமெரிக்காவே அனுமதி கொடுத்துச்சு. பிரச்சினை காசுதான். புது ஆன்டிபயாடிக்கை அவசரத்துக்குன்னு பூட்டி வைக்கணும். விற்காத சரக்குல யார் முதல் போடுவா? அமெரிக்காவுல அக்காவோஜென் கம்பெனி 2018-ல் மருந்துக்கு அனுமதி வாங்கி, 2019-லேயே திவால்!

அறந்தாங்கி தீயணைப்பு நிலையத்துல தீயை எண்ணியா சம்பளம் கொடுக்கிறோம்? பிரிட்டன் 2022 முதல் ரெண்டு ஆன்டிபயாடிக்குக்கு, எவ்வளவு வித்துச்சுன்னு பார்க்காம, வருஷச் சந்தா கட்டுது. இங்கேயும் அரசு கட்டணும். பதிலுக்கு, முள்ளூர் மருத்துவக் கல்லூரி வார்டு வரைக்கும் அந்த மருந்து இலவசமா வரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கணும்.