எண்ணை மட்டும் நம்பலாமா?

நெகிரி செம்பிலானின் சுவா தோட்டப்புறத்திலிருந்து சற்றுத் தொலைவில் போர்ட்டிக்சன் கடற்கரை உள்ளது. கடலோரங்களில் மணற்பாங்கான நிலம் மிகுதி. அத்தகைய நிலத்தில் வீடு கட்டுமுன் மண்ணைச் சோதிப்பது இன்றியமையாதது. ஆனால், ஒரே சோதனை தரும் எண்ணை முழுமையாக நம்பலாமா?

மணலைக் களிமண்ணைப்போல் உருக்குலையாமல் எடுத்து ஆய்வகத்திற்குக் கொண்டுசெல்வது கடினம். ஆகவே, களச் சோதனையே பொறியியலாளருக்குக் கைகொடுக்கிறது. தர ஊடுருவல் சோதனையில் 63.5 கிலோகிராம் சுத்தியல் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. குழாய் 45 சென்டிமீட்டர் இறக்கப்படுகிறது. அதில் கடைசி 30 சென்டிமீட்டருக்கான அடிகளே கணக்கில் கொள்ளப்படும்.

இந்த எண் தவறவும் கூடும். சுத்தியல் விழும்போது கயிறு உராய்ந்தால் விசை குறையும். அடிகள் கூடி, தளர்ந்த மணலும் உறுதியானதாகத் தோன்றும். துளையின் நீர்மட்டம் நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்தால் அடிமணல் இளகும்; நல்ல நிலமும் வலுவற்றதாகத் தெரியும். முன்னது ஆபத்து, பின்னது வீண்செலவு.

1964இல் ஜப்பானின் நிகாத்தா நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நீர் நிறைந்த தளர்மணல் குழம்பாக இளகியது. அடுக்குமாடிக் கட்டடங்கள் சில உடையாமலே சாய்ந்தன.

எனவே, ஆழந்தோறும் தொடர்ந்து அளவெடுக்கும் கூம்பு ஊடுருவல் சோதனையையும் செய்து, இரு முடிவுகளையும் ஒப்பிட வேண்டும். தகுதிபெற்ற மேற்பார்வையாளர் களத்திலேயே இருக்க வேண்டும். செலவு கூடும் என்பர் சிலர். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் எழும் வீட்டிற்கு அச்செலவு மிகையன்று. அடித்தளம் மண்ணுக்குள் மறைந்தபின் தவற்றைத் திருத்துவது எளிதன்று.