மரியாதையின் பெயரால் மூழ்கும் அமானிதம்

பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பெட்டியில் அரபு எழுத்துள்ள தாள்கள் இருந்தால் நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? காலில் மிதிபடக் கூடாதென்று மூட்டையாகக் கட்டிக் கிணற்றிலோ கடலிலோ இட்டுவிடுகிறோம்.

சிதைந்த முஸ்ஹஃபைக் கண்ணியமாக அடக்கம் செய்வது மார்க்கம் அனுமதித்த முறையே. ஆனால் அந்த மூட்டையில் உள்ளவை யாவும் முஸ்ஹஃபுகளா? அவற்றுள் அரபுத்தமிழ் ஏடுகளும் உண்டு. ப, ட, ள, ழ போன்ற ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் எழுதிய தமிழ் அது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தம் ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் சட்டநூலை அம்முறையில்தான் எழுதினார். தமிழெழுத்து அறியாத பெண்களும் இத்தகைய நூல்களைக் கொண்டு மார்க்கம் கற்றனர்.

அவற்றை நாம் மூழ்கடிப்பது மரியாதையினால் அன்று, வாசிக்கத் தெரியாமையினால். அத்தெரியாமைக்கு முதற்பொறுப்பு, அவ்வெழுத்தைப் பாடத்திட்டத்திலிருந்து நழுவவிட்ட மத்ரஸா ஆசிரியர்களாகிய நம்முடையது. “கடலில் விட்டுவிடுங்கள்” என்று சொன்னவர்களுள் நாமும் உண்டு.

“அவற்றில் பிழையான கருத்துகளும் உள்ளனவே, காப்பானேன்?” என்பார் சிலர். பிழையைச் சுட்டுவதற்கும் நூல் வேண்டும். “எங்கள் பாட்டனார் கைப்பிரதியை வெளியே தரமாட்டோம்” என்பார் வேறு சிலர். தரவேண்டாம், படமெடுக்க அனுமதித்தால் போதும். ஏடு வீட்டிலேயே இருக்கட்டும். குடும்ப இரகசியமுள்ள கடிதத்தை விலக்கிவைக்கும் உரிமையும் உங்களுடையதே.

யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பதன் ஆபத்தை அது உணர்த்தியது. 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தை ஈழத்தமிழர் தன்னார்வலராகக் கூடியே வளர்த்தனர். நம்மால் மட்டும் ஏன் இயலாது?

யமாமாப் போரில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபின், குர்ஆனை ஒன்றுதிரட்டுமாறு உமர் (ரலி) வேண்டினார்கள். நபியவர்கள் செய்யாததைச் செய்வதா என்று முதலில் தயங்கிய அபூபக்ர் (ரலி) பின்னர் இசைந்தார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) பேரீச்ச மட்டைகளிலிருந்தும் மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் அதனைத் திரட்டினார்கள். வேதத்துக்கு இணையாக நம் ஏடுகளை வைக்கவில்லை. வாசிப்போர் மறையுமுன் திரட்ட வேண்டும் என்னும் விவேகத்தையே கற்கிறோம்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் இரு இளைஞரை நியமித்து ஏடுகளைப் படமெடுக்கட்டும். ஊர், குடும்பம், நூற்பெயர் ஆகியவற்றைக் குறித்து, பிரதிகளை ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களில் வைக்கட்டும். மத்ரஸாக்கள் வாரம் ஒரு மணிநேரமேனும் அரபுத்தமிழ் கற்பிக்கட்டும். அதனை ஓதத் தெரிந்த பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களே நம் ஆசான்கள். அவர்கள் ஜனாஸா எழுந்தபின் படங்கள் இருக்கும், வாசிப்பவர் இருக்கமாட்டார்.

அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.