விலை ஏறியிருந்தால் கொடுத்திருப்பீர்களா?

சொகுசுக் கப்பலில் பல மாதங்களுக்கு முன்பே கேபின் பதிந்து முழுப் பணத்தையும் கட்டிவிட்ட ஒருவர், புறப்பட ஐந்து வாரம் இருக்கையில் அதே வகைக் கேபின் நானூறு டாலர் குறைவாக விற்பதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தைக் கேட்டால் நிறுவனம் கைவிரிக்கும். நாலு பேரிடம் சொல்லிக் குறைப்பட்டாலோ, அமெரிக்காவில் கப்பல் பயணம் போய்ப் பழகியவர்கள் வழக்கமாக ஒரு கேள்வியைத்தான் போடுவார்கள்: “விலை ஏறியிருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்களா? ஒப்பந்தம் என்றால் இரண்டு பேருக்கும்தானே?”

கேட்டவுடன் நியாயமாகப் படுகிற வாதம். பலர் அங்கேயே வாயடைத்துப் போகிறார்கள். அடைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதே என் கட்சி.

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடலாம். ஆம், கொடுத்திருப்பார்கள், கொடுக்கவும் வைத்திருக்கிறார்கள். 2007 நவம்பரில் கச்சா எண்ணெய் பீப்பாய் நூறு டாலரை நெருங்கியபோது, அடுத்த பிப்ரவரி முதல் புறப்படும் பயணங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் எரிபொருள் கட்டணம் என்று கார்னிவல் குழுமம் அறிவித்தது. ராயல் கரீபியனும் அதே வழியில் போனது. அறிவிப்புக்கு முன்பே விலை பேசி முன்பணம் கட்டியவர்களையும் அது விடவில்லை. ஃபுளோரிடா மாநிலத்தின் அன்றைய அட்டர்னி ஜெனரல் பில் மெக்கல்லம் தலையிட்ட பிறகுதான், 2008இல், முன்பே பதிந்தவர்களுக்கு ராயல் கரீபியன் சுமார் 2.1 கோடி டாலரும் கார்னிவல் சுமார் 4 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. ஒப்பந்தம் இருவரையும் ஒரே மாதிரி கட்டியிருந்தால் ஓர் அரசு நடுவில் வர வேண்டிய வேலையே இருந்திருக்காது.

இந்தக் கதை அதோடு முடியவில்லை. நிபந்தனைகளில் எரிபொருள் பற்றிய வரி தெளிவாகவே இடம்பிடித்தது. எண்ணெய் 65 டாலரைத் தாண்டினால், முன்னறிவிப்பு இல்லாமலே ஆளுக்கு நாளொன்றுக்கு 10 டாலர் வரை வசூலிக்கும் உரிமையை நார்வீஜியன் குரூஸ் லைன் எழுதி வைத்துக்கொண்டது. 2016 பிப்ரவரியில் எண்ணெய் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அப்போது பயணிக்கு ஒரு டாலராவது குறைத்துத் தரச் சொல்லும் வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. விலை மட்டுமா? புயல் என்றோ, துறைமுகத்தில் இடமில்லை என்றோ ஓர் ஊரை விட்டுவிட்டுப் போகவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பயணிக்குத் திரும்புவது பெரும்பாலும் அந்தத் துறைமுகத்துக்கான வரியும் கட்டணமும்தான்.

“படித்துப் பார்த்துத்தானே ஒப்புக்கொண்டீர்கள்?” என்பது அடுத்த வாதம். இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைப் படிக்க வேண்டும். கார்னிவலுக்கும் ஷூட் தம்பதிக்கும் நடந்த வழக்கு அது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த அந்தத் தம்பதி பயண ஏஜென்ட் மூலம் பணம் கட்டினார்கள்; சீட்டு அதற்குப் பிறகுதான் மயாமியிலிருந்து வந்தது. மெக்சிகோ கரைக்கு அப்பால் கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மனைவி வழுக்கி விழுந்தார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டபோது, சீட்டில் அச்சிட்டிருந்த பத்தி ஒன்றைக் காட்டி ‘ஃபுளோரிடாவில்தான் போட வேண்டும்’ என்றது நிறுவனம். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நிறுவனமே வென்றது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் சொன்ன காரணங்களில் ஒன்று நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வழக்குச் செலவு மிச்சமாவதால் அதன் பலன் குறைந்த கட்டணமாகப் பயணிக்கும் வந்து சேரும் என்றார். அதாவது, பயணி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதை நியாயப்படுத்தியதே மலிவான விலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புதான். அப்படியிருக்க, மலிவான விலை கண்ணெதிரே வரும்போது அதைக் கேட்பது எப்படிப் பேராசையாகும்? மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், சீட்டில் இருந்த அதே பொடி எழுத்து அளவிலேயே அந்த நிபந்தனைகளைத் தன் தீர்ப்போடு இணைத்தார். பணம் கட்டிய பிறகே பலர் அவற்றைப் பார்க்க முடியும், அப்போது விலகினால் பணம் திரும்பாது என்பதையும் சுட்டினார். இன்று நிபந்தனைகள் முன்கூட்டியே இணையத்தில் கிடைக்கின்றன, உண்மை. ஆனால் ஒரு வரியையாவது மாற்றச் சொல்லிப் பேரம் பேச யாருக்கும் வழியில்லை.

“ரத்து செய்துவிட்டுப் புது விலையில் பதியுங்கள்” என்பார்கள். இறுதித் தொகை கட்டும் தேதி வரை இது பாதி உண்மை. பெரும்பாலான பயணங்களுக்கு அந்தத் தேதி புறப்பாட்டுக்குச் சுமார் 90 நாள் முன்பு வரும். அதற்குமுன், திரும்பப் பெறக்கூடிய முன்பணம் கட்டியவருக்கு விலையைக் குறைத்துத் தருகிறார்கள். ஆனால் கேட்டால்தான். கேட்காதவர் பழைய விலையிலேயே இருப்பார். குறைந்த சேதியை நிறுவனம் தானாகச் சொல்லாது. ஏஜென்ட் மூலம் பதிந்தவர் ஏஜென்ட் மூலமே கேட்க வேண்டும். கட்டணம் குறைந்தால் ஏஜென்டின் கமிஷனும் குறையும். நல்ல ஏஜென்ட்கள் தாங்களாகவே விலையைக் கவனித்துக் குறைத்து வாங்கித் தருகிறார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்களிடம் மாட்டியவர் பாடு? இறுதித் தேதி கடந்தால் கதவு சாத்தப்படுகிறது. அபராதம் படிப்படியாக ஏறிக் கட்டணம் முழுவதையும் விழுங்கும். காலிக் கேபின்களை நிரப்பப் பெரிய விலைக்குறைப்புகள் வருவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

இப்படித் திருப்பிக் கொடுத்தால் நிறுவனம் தாங்காது என்பதும் எடுபடாது. பெரிய நிறுவனங்களின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுக்கூடம், சூதாட்டக்கூடம், கரைச் சுற்றுலா என்று பயணிகள் கட்டணத்துக்கு மேல் செய்யும் செலவுகளிலிருந்து வருகிறது. கடைசி நேரத்தில் கேபினை மலிவாக விற்பதே அந்தச் செலவைக் கணக்குப் பண்ணித்தான். முன்பே பதிந்தவருக்கு வித்தியாசத்தை ரொக்கமாக வேண்டாம், கப்பலில் செலவழிக்கும் தொகையாகக் கொடுத்தால்கூட அதன் ஒரு பகுதி நிறுவனத்தின் கல்லாவுக்கே திரும்பும். இது என் கற்பனை இல்லை. கார்னிவல் தன் முன்பதிவுச் சலுகைக் கட்டணத்தில் பல ஆண்டுகளாக இதையே செய்தது: புறப்பாட்டுக்கு இரண்டு வேலை நாள் முன்பு வரை விலை குறைந்தால் வித்தியாசம் கப்பல் கணக்கில் ஏறும். ராயல் கரீபியனும் பதிந்த 48 மணி நேரத்துக்குள் குறைந்த விலையைக் காட்டினால் வித்தியாசத்தில் 110 சதவீதத்தை அப்படித் தந்தது. தாங்கியது.

சட்டமாகவே எழுதலாம் என்பதற்கு ஐரோப்பா சாட்சி. 2015ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண நெறிமுறைப்படி, எரிபொருள், வரி, நாணய மாற்று காரணமாக விலையை ஏற்றும் உரிமை வேண்டுமானால், அவை குறையும்போது விலையைக் குறைக்கும் உரிமையையும் பயணிக்கு ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். புறப்பட 20 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது ஏற்றவே கூடாது. 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அபராதமின்றி விலகலாம். சந்தை மந்தத்தால் வரும் தள்ளுபடியை இது தொடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்றமும் இறக்கமும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. முன்பே பதிந்தவருக்குப் பிடித்த கேபின் கிடைக்கிறது. மலிவு விலைக்காகத் திரும்ப வராத முன்பணத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தவரும் முழுக்க ஏமாந்தவர் இல்லை. அவர்களுக்கு ஒவ்வொரு டாலரும் ரொக்கமாகத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறுதித் தேதிக்குள் விலை இறங்கினால், யாரும் கேட்காமலே நிறுவனம் கணக்கில் கழிக்கட்டும். அதற்குப் பிறகு இறங்கினால் கப்பலில் செலவழிக்கும் தொகையாகத் தரட்டும். முடியாது என்கிற நிறுவனம், எரிபொருள் கட்டண வரியை ஒப்பந்தத்திலிருந்து அடித்துவிடட்டும்.