‘நூற்றுக்குத் தொண்ணூறு சரி’ — யாருக்குச் சரி?

மூன்று வாரமாக இருமல். பொழுது சாய்ந்தால் காய்ச்சல். மாகறல் பக்கம் நடவு, களையெடுப்பு என்று சேற்றில் நிற்கும் விவசாயத் தொழிலாளியானாலும் சரி, பஞ்சுத் தூசியை விழுங்கும் ஆலைத் தொழிலாளியானாலும் சரி, அவர் முதலில் பயப்படுவது காச நோய்க்குத்தான். அந்தப் பயத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் குறைவா என்ன?

ரத்தம் எடுத்து அதில் காச நோய்க்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று இருந்தது. இந்தியாவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 15 லட்சம் பேருக்கு இது நடந்தது என்றும், அதற்கு ஒன்றரைக் கோடி டாலர் செலவாயிற்று என்றும் மதிப்பிட்டார்கள். 2011 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம், இதை நம்பாதீர்கள், கைவிடுங்கள் என்று பகிரங்கமாக அறிவித்தது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானவை. ஆனால் அங்கீகாரம் பெற்ற எந்தக் கட்டுப்பாட்டு நிறுவனமும் அவற்றை ஒப்புக்கொண்டதில்லை! விற்பனைக்கு ஏழை நாடுகள்தான் கிடைத்தன.

“நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லுமே ஐயா, அது போதாதா?” என்று கேட்பார்கள். தோழர்களே, கூலிக் கணக்குப் பார்ப்பது போல் இதையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஆயிரம் பேருக்கு முகாம் போட்டு ரத்தம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் நிஜமாகவே நோயுள்ளவர் 10 பேர். பரிசோதனை அதில் 8 பேரைப் பிடிக்கிறது, 2 பேரைத் தவற விடுகிறது. நோயில்லாத 990 பேரில் பத்துக்கு ஒன்பது பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. பத்தில் ஒருவரை, அதாவது 99 பேரை, நோயாளி என்கிறது. ஆக, ‘உனக்கு நோய்’ என்ற சீட்டு 107 பேர் கையில். நிஜ நோயாளி அதில் 8 பேர்! மற்ற 99 பேரும் நல்ல உடம்போடு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதுதான் அந்தத் தொண்ணூறின் லட்சணம்.

அதே பெட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே இருமலோடு வந்த ஆயிரம் பேரில் 300 பேருக்கு நோய் இருந்தால், சீட்டு வாங்குபவர் 310 பேர். அவர்களில் 240 பேர் நிஜ நோயாளிகள். பெட்டி மாறவில்லை, சோதிக்கப்பட்ட ஆட்கள்தான் மாறினார்கள். யாரைச் சோதித்தாய் என்று சொல்லாமல் சதவிகிதம் மட்டும் சொல்கிறவன் பாதிக் கணக்கைப் பைக்குள் ஒளிக்கிறான்.

இன்னொரு வேடிக்கை. அந்த முகாமில் ரத்தமே எடுக்காமல் ஆயிரம் பேருக்கும் ‘நோயில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் 990 பேருக்குச் சரியாகிவிடும். நூற்றுக்கு 99! இதற்கு ஊசி எதற்கு, கட்டணம் எதற்கு? நோயாளி ஒருவர்கூடப் பிடிபடவில்லை என்பதை மட்டும் சொல்லாமலிருந்தால் போதும்.

“நாலு பேர் வீணாக மருந்து சாப்பிட்டால் என்ன நஷ்டம்?” என்று சில பெரிய மனிதர்கள் சொல்லக்கூடும். என்ன நஷ்டமா? காச நோய் மருந்து குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். கூலி போகும், பெண்ணின் கல்யாணம் நிற்கும். தவற விட்ட அந்த இரண்டு பேரோ, ஒரே குடிசையில் குழந்தைகளோடு படுத்து இருமிக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டில் லட்சோப லட்சம் பேர் உடம்பில் கிருமி நுழைந்து, நோய் வராமலே அடங்கிக் கிடக்கிறது. மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் உறவுக் கிருமிகளும் உண்டு. 1968-ல் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் லட்சக்கணக்கான மக்களிடம் பி.சி.ஜி. ஊசி ஆராய்ச்சி தொடங்கியபோது, தோலில் போடும் சோதனை அந்த உறவுக் கிருமிகளாலேயே ஏராளமான பேருக்குத் தடிப்புக் காட்டியது. இப்படிப்பட்ட நாட்டில் எதிர்ப்பொருளை மட்டும் பார்த்து நோயைத் தீர்மானிக்க முடியுமா?

உலக ஸ்தாபனம் சொல்லி 11 மாதம் கழித்து, 2012 ஜூனில் மத்திய சர்க்கார் இந்தப் பெட்டிகளைத் தடை செய்தது. அந்த 11 மாத வியாபாரம் யார் பைக்குப் போயிற்று? 2020-லும் இதே கதைதான். கொரோனாவுக்கு என்று சீனாவிலிருந்து வந்த துரிதப் பரிசோதனைப் பெட்டி இறக்குமதி விலை 245 ரூபாய், சர்க்காருக்கு விற்ற விலை 600 ரூபாய். டில்லி ஐகோர்ட்டு 400 ஆகக் குறைத்தது. பிறகு, சரியாக வேலை செய்யவில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மாநிலங்களுக்குச் சொல்லிற்று.

ஆகவே, பரிசோதனை என்று எவர் வந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரைப் பிடிக்கும்? நோயில்லாத நூறு பேரில் எத்தனை பேரை வீணாக மாட்டிவிடும்? பதில் சொல்லாதவனிடம் கையை நீட்டாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுங்கள், காசு கிடையாது. அங்கே கிருமி தென்பட்டால் அநேகமாக அது நோய்தான்; தென்படாவிட்டாலும் இருமல் நிற்கவில்லையானால் மறுபடி போய், எக்ஸ்ரே எடுக்கவும், கிருமியின் மரபணுவையே தேடும் புதிய பரிசோதனையைச் செய்யவும் கேளுங்கள். அதற்கும் அங்கே கட்டணம் இல்லை.