துண்டு ஒன்று, மூதாதையர் பலர்

இருவருக்குப் பொதுவான டி.என்.ஏ. துண்டு இருந்தால் அண்மைக்கால மூதாதை உறுதி, இல்லையேல் உறவே இல்லை என்னும் வாதம் இரு முனையிலும் பிழையானது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரின் டி.என்.ஏ.வில் பாதியே பிள்ளைக்குக் கடத்தப்படுவதால், ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஒரே தம்பதியின் வழிவந்த இருவரிடம் பொதுத்துண்டு எதுவும் எஞ்சாமற்போகக் கணிசமான வாய்ப்புண்டு. ஏட்டில் உள்ள பாட்டன் உடலில் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. மறுமுனையின் பிழை இன்னும் பெரிது. அஷ்கனாசி யூதர்கள் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் சுமார் 350 பேராகச் சுருங்கிய குழுவிலிருந்து பெருகியவர்கள் என 2014இல் வெளியான மரபணு ஆய்வு கணித்தது. தமக்குள்ளேயே மணந்துவந்த அம்மக்களிடையே ஒரே மூதாதையர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருவதால், சிறுதுண்டுகளைச் சென்டிமார்கன் எனப்படும் மரபிணைப்பு அளவில் கூட்டிப் பார்ப்போருக்குத் தொலைதூர உறவினரும் நெருங்கிய பங்காளியாகவே தோன்றுவர். மிக நீண்ட துண்டின் நீளத்தைத் தனியே நோக்காமல், கூட்டுத்தொகையை மட்டும் நம்பி அங்கே வரையப்படும் குலமரம் பெரும்பாலும் கற்பனையே.