சிசிலி விருந்தில் மக்ரோனி

இத்தாலிய எழுத்தாளர் லாம்பெதூசா இறந்த மறு ஆண்டு, 1958இல் வெளிவந்த நாவல் 'சிறுத்தை'. அதில் 1860இல் சிசிலியின் உள்நாட்டு ஊரொன்றில் சலீனா பிரபு விருந்து வைக்கிறார். ஊர்க்காரர்களுக்கு ஒரே பயம், வெளிநாட்டு வழக்கப்படி முதலில் சூப்பை வைத்துவிடுவாரோ என்று. வந்ததோ மக்ரோனி திம்பாலோ, அதாவது மாவு ஓட்டுக்குள் மக்ரோனியை அடைத்துச் சுட்ட பண்டம்! பொன்னிற மேலோட்டில் கத்தி இறங்கினால் லவங்கப்பட்டை மணத்தோடு ஆவி; அடியில் கோழி ஈரல், அவித்த முட்டை, ஹாம், ட்ரஃபிள் காளான். இதை வீட்டில் சமைப்பவர்கள் ட்ரஃபிளுக்காக ஏங்குவது வீண் என்பேன். அது இல்லாவிட்டால் வெறும் மக்ரோனிதானே என்பார்கள். பிரபு வீட்டுப் பகட்டு அந்தக் காளானில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளிகளின் முகம் வெட்டுவதற்கு முன்பே மலர்ந்துவிடுகிறது. ட்ரஃபிள் அப்போது கண்ணிலேயே படவில்லை; பட்டது மேலோடு மட்டுமே. தெரிந்த பண்டம் வந்த நிம்மதி அது. ஆகவே விடக்கூடாதது மேலோடுதான். மாவில் வெண்ணெய் தாராளமாகவும் சர்க்கரை கொஞ்சமாகவும் சேரட்டும். மக்ரோனியை முக்கால் வேக்காட்டில் வடித்துவிட்டால் மீதி ஓவனில் வெந்துகொள்ளும். மேலே சீஸை மட்டும் தூவிவிட்டு அதையே திம்பாலோ என்பவர்களும் இருக்கிறார்கள். உடைக்க ஓடே இல்லாதபோது அந்த ஆவி எங்கிருந்து கிளம்பும்?